முதல் உல்லன் குல்லா: இரண்டு ஊசியில் பின்னும் முழுமையான வழிகாட்டி

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் அவிநாசிப் பக்கம் விடியற்காலைப் பனி காதைப் பிடித்துக்கொள்ளும். பால் ஊற்ற வண்டியில் போகிறவருக்கும், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோய் வழியில் சாலையோரம் படுக்கிறவருக்கும், வால்பாறை எஸ்டேட்டில் இருக்கிற சொந்தக்காரருக்கும் என்று குல்லாவுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும். மத்தியானம் ஓய்ந்த நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து சொல்லித்தருகிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் பனியன் கம்பெனியில் பழகிய கைகள். நூலும் துணியும் அவர்களுக்குப் புதிதில்லை. இருந்தும் முதல் குல்லா பானைக்கு மூடி போட்ட மாதிரி வந்துவிடுகிறது, இல்லையென்றால் தலைக்குள்ளேயே போகமாட்டேன் என்கிறது.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஊசியில் முதல் கண்ணி (நூல் வளையம்) ஏறுவதற்கு முன்னால் செய்யவேண்டியதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதனால் முதல் மூன்று பகுதியில் குல்லா தொடங்கவே தொடங்காது. பொறுமையாகப் படியுங்கள்.

இங்கே சொல்வது பெரியவர் தலைக்கு, இரண்டு நேர் ஊசியில் தட்டையாகப் பின்னி, பின்பக்கம் ஒரு தையலால் மூட்டுகிற குல்லா. வட்டமாகப் பின்னுகிற ஊசியும் உண்டு. ஆனால் முதல் தடவை அதில் கண்ணி வரிசை முறுக்கிக்கொண்டால் அவிழ்ப்பதைத் தவிர வழியில்லை. தட்டைப் பின்னலில் தப்பு நடந்தால் உடனே கண்ணுக்குத் தெரியும். மங்கி குல்லா கேட்பவர்கள் முதலில் இதை முடித்துவிட்டு வாருங்கள்.

1. தலையை அளங்கள்

இஞ்சு டேப்பைப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுமடல் தொட, பின்மண்டை மேடு வழியாகச் சுற்றுங்கள். சென்டிமீட்டர் பக்கத்தைப் பாருங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 54 முதல் 58 வரை வரும்.

குல்லாவின் சுற்றளவு இந்த அளவில் இருக்கக்கூடாது. 4 முதல் 6 செ.மீ. குறைவாக இருக்கவேண்டும். பின்னல் துணி இழுபடும். சற்று இழுபட்டு நின்றால்தான் தலையைக் கவ்வும், காற்று உள்ளே புகாது. தலை அளவுக்கே பின்னினால் வண்டியில் போகும்போது கழன்று பின்னால் விழும். நாம் பின்னப்போவது 50 செ.மீ. குல்லா. 54 தலைக்கும் 56 தலைக்கும் இதுவே சரி. 58 தலைக்குச் சற்று இறுக்கமாக நிற்கும், ஆனால் ஏறும்.

2. நூல், ஊசி, மற்ற சாமான்

நூல் 100 கிராம் வாங்குங்கள். குல்லா 70, 80 கிராமுக்குள் முடிந்துவிடும். மிச்சம் மாதிரித் துண்டுக்கு. 100 கிராமில் சுமார் 200 மீட்டர் வருகிற நடுத்தரக் கனமுள்ள நூல் வேண்டும். கோவையில் பெரிய கடைவீதி, ஒப்பணக்காரத் தெருப் பக்கம் தையல் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

கடையில் ‘உல்லன்’ என்று தருவதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்கிற செயற்கை நூல். அது கெட்டதில்லை, துவைக்க எளிது, குத்தாது, விலையும் குறைவு. ஆனால் ஊட்டிக் குளிருக்கு நிஜக் கம்பளிதான் நிற்கும். ஈரம் பட்டாலும் கம்பளி சூட்டை விடாது. எது என்று தெரியவேண்டுமானால் ஒரு விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகுகிற வாடை அடிக்கும், சாம்பல் தொட்டால் உதிரும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான கரும்பொட்டாக நிற்கும். சூடு ஆறும்வரை கையால் தொடாதீர்கள்.

எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “ஏனுங்க்கா, கம்பெனியில கோன் நூலு மீதி நெறையக் கெடக்குது, அதுல போட்டா ஆகாதுங்களா?” ஆகாது அம்மிணி. 30-ம் நம்பர் காட்டன் நூல் 100 கிராம் எடுத்தால் ஏறத்தாழ 5,000 மீட்டர் ஓடும். நம் நூலின் கனம் வர 25 இழை சேர்க்கவேண்டும். சேர்த்தாலும் பருத்திக்கு இழுத்துவிட்டால் திரும்பச் சுருங்குகிற குணம் குறைவு. நாலு நாளில் குல்லா வாய் தளர்ந்து தொங்கும். பனியில் நனைந்தால் ஜில்லிட்டுக் கிடக்கும்.

முதல் குல்லாவுக்கு வெளிர் நிறம், ஒரே நிறம் எடுங்கள். கறுப்பும் கருநீலமும் வேண்டாம், ராத்திரி லைட் வெளிச்சத்தில் கண்ணியே தெரியாது. இரண்டு உருண்டை வாங்கினால் லேபிளில் லாட் எண் (ஒரே தடவை சாயம் போட்ட நூலுக்கு ஒரே எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் ஷேடு மாறும் என்பதைத் திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஊசி 4.5 மி.மீ., நீளம் 35 செ.மீ., ஒரு ஜோடி. இங்கேதான் ஒரு குழி இருக்கிறது. பழைய இங்கிலாந்து எண்ணில் 4.5 மி.மீ. ஊசி 7-ம் நம்பர். அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க எண்ணிலும் அதே ஊசி 7-தான், ஆனால் அங்கே நம்பர் ஏறினால் ஊசி தடிக்கும். 8-ம் நம்பர் என்று கேட்டால் ஒரு கணக்கில் 4 மி.மீ., இன்னொரு கணக்கில் 5 மி.மீ. கிடைக்கும். நம்பரை மறந்துவிட்டு மில்லிமீட்டரைக் கேளுங்கள்.

இவற்றோடு மொட்டை முனையுள்ள கம்பளி ஊசி ஒன்று, கத்தரி, இஞ்சு டேப், நாலைந்து ஊக்கு, ஒரு குரோஷா ஊசி. வீட்டில் இருக்கிற கோணி ஊசியை எடுக்காதீர்கள். அதன் கூர் முனை நூலின் இழைகளைப் பிளந்துகொண்டு போகும், தையல் கோணலாகும்.

3. மாதிரித் துண்டு

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். “சித்த நேரம் வீணுங்க்கா, நேரா ஆரம்பிச்சுக்கறேன்” என்று பத்து வருஷம் பவர் டேபிளில் (மோட்டார் தையல் மிஷினில்) தைத்த ஒரு பெண் சொன்னார். கை அவ்வளவு வேகம், அவ்வளவு இறுக்கம். குல்லா முடிந்தபோது அவருடைய நாலு வயதுப் பேத்திக்குத்தான் பொருந்தியது. அவர் அளவில் தப்பில்லை, எண்ணிக்கையிலும் தப்பில்லை. அவர் கையின் இறுக்கத்தை யாரும் அளக்கவில்லை.

28 கண்ணி ஏற்றுங்கள் (ஏற்றும் விதம் 5-ம் பகுதியில்). ஒரு வரிசை பிளெயின், ஒரு வரிசை பர்ல் என்று மாறிமாறி 36 வரிசை பின்னுங்கள். கை பழகுவதும் இந்தத் துண்டிலேயே ஆகிவிடும்.

பிளெயின்: நூல் ஊசிக்குப் பின்னால் இருக்கட்டும். கண்ணியெல்லாம் இடக்கை ஊசியில். வலக்கை ஊசியை முதல் கண்ணியின் முன்காலுக்குள் (ஊசிக்கு முன்னால் தெரிகிற பாதி) இடமிருந்து வலமாக, முன்னிருந்து பின்னுக்கு நுழைத்து, நூலை ஊசி முனையில் அடியிலிருந்து ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றைக் கண்ணி வழியே முன்னால் இழுத்து, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடுங்கள்.

பர்ல்: நூல் உங்கள் பக்கம், ஊசிக்கு முன்னால். வலக்கை ஊசியை வலமிருந்து இடமாகக் கண்ணியின் முன்புறத்தில் நுழைத்து, நூலை மேலிருந்து சுற்றி, பின்பக்கமாகத் தள்ளி எடுத்து, பழைய கண்ணியை நழுவ விடுங்கள்.

பிளெயின் கண்ணிகள் அடுக்கினால் சடை பின்னியது போல இறங்கும். பர்ல் கண்ணிகள் கம்பு மணி கோத்தது போல மேடாகத் தெரியும். ஒன்றின் முதுகுதான் மற்றது. இதைப் பார்க்கக் கண் பழகிவிட்டால் பின்னால் பாதித் தப்பை நீங்களே பிடித்துவிடுவீர்கள்.

துண்டை நனைத்து, ஒற்றி, தட்டையாகக் காயவிட்டு, பிறகு அளங்கள். ஓரத்தை விட்டு நடுவில் 10 செ.மீ. அகலத்துக்கு எத்தனை சடை என்று எண்ணுங்கள். 20 வரவேண்டும். 22 வந்தால் உங்கள் கை இறுக்கம், 5 மி.மீ. ஊசிக்கு மாறுங்கள். 18 வந்தால் தளர்வு, 4 மி.மீ. ஊசி. கையைத் தளர்த்திக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். பத்து வரிசை ஞாபகம் இருக்கும், பதினோராவது வரிசையில் கை பழைய குணத்துக்குப் போய்விடும்.

இரண்டு கண்ணிதானே என்று தோன்றும். 100 கண்ணிக் குல்லாவில் 20 வந்தால் 50 செ.மீ.; 22 வந்தால் 45 செ.மீ. சொச்சம், 18 வந்தால் 55 செ.மீ. தாண்டும். ஒன்று நெற்றியில் தடம் போடும், ஒன்று கண்ணை மறைக்கும்.

4. எண்ணிக்கை

50 செ.மீ.க்கு 100 கண்ணி. ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு கூட்டி 102 ஏற்றுவோம். கடைசியில் மூட்டும்போது இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண்ணி தையலுக்குள் போய்விடும். அந்த இரண்டைக் கூட்டாமல் விட்டால் பின்பக்கம் ரிப் வரிசை (வாயோரத்துக் கோடு கோடான பின்னல், 6-ம் பகுதியில்) இணையாமல் மூட்டு அப்பட்டமாகத் தெரியும்.

ஒரு வயதுக் குழந்தைக்கு 82 ஏற்றுங்கள். உச்சியில் எங்கே சேர்ந்துகொள்வது என்று அந்தப் பகுதியில் சொல்கிறேன்.

5. கண்ணி ஏற்றுதல்

நூல் நுனியிலிருந்து இரண்டு கையையும் விரித்த நீளமும் மேலே ஒரு முழமும் விட்டு, ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு ஊசியில் மாட்டுங்கள். இந்த நீளம் குறைந்தால் தொண்ணூறாவது கண்ணியில் நூல் தீர்ந்து, எல்லாவற்றையும் உருவவேண்டி வரும். மிஞ்சினால் நஷ்டமில்லை.

இரண்டு ஊசியையும் சேர்த்து வலக்கையில் பிடியுங்கள். நுனி நூலை இடது கட்டைவிரலில் ஒரு வளையமாகச் சுற்றுங்கள். ஊசி முனையை வளையத்துக்குள் அடியிலிருந்து நுழைத்து, உருண்டைப் பக்க நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றி, கட்டைவிரல் வளையத்தை ஊசி முனைக்கு மேலாகத் தூக்கி விட்டு, நுனி நூலை மெல்ல இழுங்கள். ஒரு கண்ணி ஆயிற்று. சுருக்கு முடிச்சையும் சேர்த்து 102.

இரண்டு ஊசியைச் சேர்த்துப் பிடிப்பது ஏன்? ஒற்றை ஊசியில் ஏற்றும்போது எல்லோருடைய கையும் பயத்தில் இறுக்கும். குல்லா வாய் இழுபடாமல் போய், நெற்றி வலிக்கும். ஏற்றி முடித்ததும் ஒரு ஊசியை உருவிவிட்டால் கண்ணிகள் தளர்வாக நிற்கும்.

இருபது கண்ணிக்கு ஒரு ஊக்கு மாட்டிக்கொள்ளுங்கள். நடுவில் யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால் முதலிலிருந்து எண்ணவேண்டியதில்லை.

6. ரிப்

பனியன் கழுத்தில் இருப்பது போன்ற அதே ரிப்தான், கொஞ்சம் பெரிய அளவில். ஒரு பக்கம் பிளெயினாகவும் மறுபக்கம் பர்லாகவும் இருக்கிற சிங்கிள் ஜெர்சித் துணி ஓரம் சுருளும் என்று கட்டிங் மாஸ்டர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். பிளெயின் பக்கமும் பர்ல் பக்கமும் ஒரே மாதிரி இழுக்காததால் வருகிற சுருள் அது. ரிப்பில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து சரிகட்டிக்கொள்கின்றன. அதனால் வாய் சுருளாது, காதையும் கவ்விப் பிடிக்கும்.

முதல் வரிசை: பிளெயின் 2, பர்ல் 2 என்று தொடர்ந்து போய், கடைசியில் பிளெயின் 2-இல் முடியும்.

இரண்டாம் வரிசை: பர்ல் 2, பிளெயின் 2 என்று போய், பர்ல் 2-இல் முடியும்.

இந்த இரண்டையும் மாற்றி மாற்றி 6 செ.மீ. உயரம் வரும்வரை பின்னுங்கள். கடைசியாக முடிப்பது இரண்டாம் வரிசையாக இருக்கட்டும். வாயை மடித்துப் போடுகிற குல்லா வேண்டுமென்றால் ரிப் மட்டும் 12 செ.மீ.

புதியவர்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பிளெயினிலிருந்து பர்லுக்குப் போகும்போது நூலை இரண்டு ஊசி முனைகளுக்கு நடுவே உங்கள் பக்கம் கொண்டுவரவேண்டும். பர்லிலிருந்து பிளெயினுக்குப் போகும்போது அதே நடுவழியாகப் பின்னால் அனுப்பவேண்டும். ஊசிக்கு மேலாக நூலைக் கொண்டுவந்தால் அது ஒரு புதுக் கண்ணியாக உட்கார்ந்துகொள்ளும். அடுத்த வரிசையில் ஒரு ஓட்டை, எண்ணிக்கையில் ஒன்று கூடுதல்.

இன்னொரு கூடுதல் கண்ணி வரிசை ஆரம்பத்தில் வரும். ஊசியைத் திருப்பியதும் நூல் ஊசிக்கு மேலாகப் பின்னுக்குப் போயிருந்தால், முதல் கண்ணியின் இரண்டு காலும் மேலேறி இரண்டு கண்ணி போலத் தெரியும். இரண்டிலும் பின்னிவிடுவார்கள். ஒவ்வொரு வரிசை தொடங்கும் முன்னும் நூலைக் கீழ்நோக்கி இழுத்துவிட்டு முதல் கண்ணியைப் பாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று பேருக்காவது இதைச் சொல்கிறேன்.

முதல் பத்து வரிசைக்கு ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள். 103 வந்தால் அந்த வரிசையிலேயே தப்பு கிடைக்கும். பத்து வரிசை கழித்து எண்ணி 107 வந்தால் எங்கே தேடுவது?

வரிசை நடுவில் ஊசியைக் கீழே வைக்காதீர்கள். குக்கர் மூணாவது விசில் அடித்தாலும் பரவாயில்லை, வரிசையை முடித்துவிட்டு எழுங்கள். நடுவில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம் என்று தெரியாமல் வந்த வழியே திரும்பிப் பின்னியவர்கள் உண்டு. குல்லாவின் ஒரு பக்கம் இரண்டு வரிசை உயரமாகிவிடும். தவிர்க்கவே முடியாவிட்டால் ஒன்றை நினைவில் வையுங்கள்: உருண்டைக்குப் போகிற நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ, அந்த ஊசி வலக்கைக்கு.

7. நடு உடல்

இனி ஒரு வரிசை முழுக்கப் பிளெயின், அடுத்தது முழுக்கப் பர்ல். ஏற்றிய ஓரத்திலிருந்து 15 செ.மீ. வரும்வரை. மடிப்புக் குல்லாவானால் 21 செ.மீ. அளக்கும்போது மேசையில் பரப்பி, இழுக்காமல் அளங்கள். கையில் தூக்கிப் பிடித்தால் அதன் பாரத்திலேயே ஒரு செ.மீ. நீளும்.

உருண்டை தீர்ந்தால் புது நூலை வரிசை ஆரம்பத்தில் சேருங்கள், ஒரு சாண் வால் விட்டு. நடுவில் முடிச்சுப் போட்டால் அந்த முடிச்சு நெற்றியில் உறுத்தும்.

ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவிவிட்டால் துணியை இழுக்காதீர்கள். உடனே அதில் ஊக்கை மாட்டுங்கள். பிறகு சடைப் பக்கம் உங்களைப் பார்க்கும்படி வைத்து, குரோஷா ஊசியால் கண்ணியைப் பிடித்து, மேலே ஏணிப்படி போல நிற்கிற நூலை ஒவ்வொன்றாக அதன் வழியே இழுத்து ஏறி வாருங்கள்.

8. உச்சி

பர்ல் வரிசையை முடித்துவிட்டு, சடைப் பக்கத்தில் தொடங்குங்கள். 100 கண்ணியைப் பத்துப் பங்காக்கி, பங்குக்கு ஒன்று வீதம் ஒவ்வொரு தடவையும் பத்துக் குறைப்போம். குறைப்பது என்றால் இரண்டு கண்ணியில் ஒன்றாக ஊசியை நுழைத்து ஒரே பிளெயினாகப் பின்னுவது.

முதல் குறைப்பு வரிசை: ஓரத்தில் பிளெயின் 1; பிறகு “பிளெயின் 8, இரண்டைச் சேர்த்து 1” என்பதைப் பத்துத் தடவை; ஓரத்தில் பிளெயின் 1. மீதி 92. அடுத்த வரிசை முழுக்கப் பர்ல்.

அடுத்த குறைப்பில் 8-க்குப் பதில் 7, மீதி 82. பிறகு 6, மீதி 72. இப்படியே 5, 4, 3, 2, 1 என்று இறங்குங்கள். மீதி 62, 52, 42, 32, 22. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு பர்ல் வரிசை. கடைசிக் குறைப்பில் ஓரக் கண்ணிகளை விட்டு எல்லாவற்றையும் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 12 நிற்கும். மொத்தம் 17 வரிசை, சுமார் 6 செ.மீ. உயரம்.

நடுவில் பர்ல் வரிசை வைக்காமல் அவசரமாகக் குறைத்தால் உச்சி இட்லித்தட்டு போலத் தட்டையாகிச் சுருங்கும்.

82 கண்ணி ஏற்றிய குழந்தைக் குல்லா 12 செ.மீ. உயரம் வந்ததும், “பிளெயின் 6” வரிசையில் இந்தப் படிக்கட்டில் வந்து சேர்ந்துகொள்ளும்.

பழகாத கண்ணுக்குக் குறைத்த இடம் தெரியாது. மீதிக் கணக்கை ஒரு தாளில் எழுதி வைத்து அடித்துக்கொண்டே வாருங்கள்.

9. மூடி, மூட்டுதல்

நூலை இரண்டு முழ நீளம் விட்டு வெட்டுங்கள். கம்பளி ஊசியில் கோத்து, மீதியிருக்கும் 12 கண்ணியிலும் நுழைத்து, பின்னல் ஊசியை உருவிவிட்டு, இழுத்துச் சுருக்குங்கள். சுருக்குப்பை வாய் மூடுவது போல மூடும். நூலை அதே 12 கண்ணியில் இன்னொரு தடவை ஓட்டுங்கள். ஒற்றைச் சுற்றாக விட்டால் நாளடைவில் உச்சியில் துவாரம் திறக்கும்.

அதே நூலால் உச்சியிலிருந்து வாய் நோக்கித் தையுங்கள். நல்ல பக்கம் (சடைப் பக்கம்) உங்களைப் பார்க்க, இரண்டு ஓரத்தையும் அருகருகே வையுங்கள். ஓரக் கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் நடுவே லேசாக விலக்கினால் ஏணிப்படிகள் தெரியும். இந்தப் பக்கம் ஒரு படி, அந்தப் பக்கம் ஒரு படி என்று ஊசியை மாற்றி மாற்றி நுழைத்து, நாலைந்து தையலுக்கு ஒருமுறை நூலை மெல்ல இழுத்தால் இரண்டு ஓரமும் உள்ளே புரண்டு மறையும். ஓவர்லாக் பழக்கத்தில் ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தைக்காதீர்கள்; உள்ளே தடித்த வரம்பு நின்று பின்மண்டையில் அழுத்தும்.

மடிப்புக் குல்லாவானால் வாயோரத்துக் கடைசி 6 செ.மீ.யை மட்டும் உள்பக்கமிருந்து தையுங்கள். மடித்தால் வெளியே வருவது அந்தப் பக்கம்தான்.

மிச்ச வால்களை உள்பக்கக் கம்பு மணிகளுக்குள் ஒரு விரல் தூரம் போகவும் திரும்பி வரவும் ஓட்டிவிட்டு வெட்டுங்கள்.

10. முதல் அலசல்

இளஞ்சூட்டுக்கும் குறைவான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு கலந்து கால் மணி நேரம் ஊறவிடுங்கள். கசக்கக்கூடாது, முறுக்கக்கூடாது. சுடுதண்ணீரில் போட்டுத் தேய்த்தால் நிஜக் கம்பளி இறுகிச் சுருங்கிவிடும், பிறகு மீட்கவே முடியாது. துண்டில் சுருட்டி, காலால் மிதித்து ஈரத்தை ஒற்றுங்கள்.

கொடியில் தொங்கவிட்டால் நீண்டுபோகும். நிழலில் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு, மேலே ஒரு வேட்டியை விரித்துப் பரப்புங்கள். அடியிலும் காற்று ஓடும். அக்ரிலிக் குல்லாவுக்கு இஸ்திரிப் பெட்டியே வேண்டாம். சூடு பட்டால் நூல் தளர்ந்து செத்துவிடும், ரிப் அதற்கப்புறம் கவ்வாது. ஒரு பெண் கல்யாணப் பரிசாகக் கொடுக்கிற ஆசையில் தேய்த்து எடுத்துக்கொண்டு வந்தார். அதைப் பிரித்து, அடுத்த வாரம் திரும்பப் பின்ன உட்கார்ந்தோம், புது நூலில்.